முதல்நூலும் வழிநூலும்: வீட்டுக்கணினி விளையாட்டுகளை 8 பிட் கருவிக்குத் தெரிவு செய்யும் நெறி – விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக்கணினிகளுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகள் ஃபேமிகாம் என்னும் 8 பிட் கருவிக்கு மாற்றப்பட்டு, அதன் நகல் கருவிகள் வழியாகத் தமிழகத்தின் சிறுநகரங்களை வந்தடைந்தன. எந்த விளையாட்டை மாற்றுவது, எதை விடுவது என்னும் தெரிவு பெரும்பாலும் கொள்ளளவையும் விற்பனையையும் சார்ந்தே நிகழ்ந்தது. அத்தெரிவைத் தமிழ் இலக்கண மரபின் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அதே கருவிக்கு இனித் தெரிவு செய்வோர் கொள்ளத்தக்க அளவுகோல்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வீட்டுக்கணினி, 8 பிட் கருவி, கருவிமாற்று, வழிநூல், பாயிரம், தெருக்கூத்து, தமிழ் எழுத்துரு

முன்னுரை

ஒரு கணினிக்கென எழுதப்பட்ட விளையாட்டை வேறொரு கருவியில் இயங்குமாறு திருத்தி அமைப்பதைத் தொழில்நுட்பத்தார் 'போர்ட்' என்பர். இக்கட்டுரை அதனைக் கருவிமாற்று எனக் குறிக்கிறது. புதிய, ஆற்றல் மிகுந்த கருவிக்கு மாற்றுவதில் இழப்பு குறைவு. பழைய, ஆற்றல் குறைந்த கருவிக்கு மாற்றும்போதோ எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்னும் வினா ஒவ்வொரு படியிலும் எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பவர், மூல ஆக்கத்தின் உயிர்நிலை எது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே கருவிமாற்றுக்கான தெரிவு தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று. அது திறனாய்வுச் செயலுமாகும்.

இவ்வினா தமிழகத்துக்குப் புறம்பானதன்று. 1984ஆம் ஆண்டு தொடங்கிய நடுவண் அரசின் 'கிளாஸ்' திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 250 பள்ளிகளே பிபிசி மைக்ரோ கணினிகளைப் பெற்றன. ஆப்பிள் 2, கொமடோர் 64 போன்ற வீட்டுக்கணினிகள் இங்கு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை. ஆனால் 1990களில் சாமுராய், மீடியா முதலிய பெயர்களில் விற்கப்பட்ட 8 பிட் கருவிகளும் பெயரற்ற நகல் கருவிகளும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளுக்குள் நுழைந்தன. மக்கள் வழக்கில் அவை 'டிவி கேம்' ஆயின; அவற்றில் செருகும் பேழை 'கேசட்' ஆயிற்று. இதனால் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் ஒரு தலைமுறைக்கு வழிநூல் முதலில் வந்தது. முதல்நூல் உண்டு என்பதே தெரியாமற்போயிற்று. கேசட்டில் விளையாடிய சிறுவர்க்கு அவ்விளையாட்டு வேறொரு நாட்டில் வேறொரு கணினிக்காக ஒருவர் எழுதியது என்பதை அறிய வாய்ப்பில்லை. இந்நிலை தெரிவின் பொறுப்பை மிகுவிக்கிறது. மூலத்தை அறிந்தவர் மாற்றுருவின் குறையைத் தாமே நிரப்பிக்கொள்வர். மாற்றுருவை மட்டும் அறிந்தவர்க்கு அதுவே மூலமாகிவிடுகிறது.

இலக்கணம் தரும் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் ஏற்பது வழிநூல் என்பதும், சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல் என்பதும் நன்னூலார் கருத்து. 'முடிபு', 'விகற்பம்' என்னும் இவ்விரு கருத்துகளும் கருவிமாற்றை மதிப்பிடப் போதிய கருவிகளாகின்றன. விளையாட்டின் முடிபு என்பது அதன் கதையோ தோற்றமோ அன்று. ஆடுபவர் எதைக் கண்டு, எதைக் கருதி, எதைச் செய்கிறார் என்னும் தொடர்பே முடிபு. விகற்பம் என்பது புதிய கருவி வேண்டும் மாற்றம்.

இவ்வகைத் தெரிவு இவ்வட்டாரக் கலை மரபுக்கும் அறிமுகமானதே. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்கின்றன. சொற்பொழிவு கதையை நெடுகச் சொல்லிச் செல்கிறது. கூத்தோ அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனச் சில பகுதிகளைத் தெரிந்தெடுக்கிறது. பதினெட்டாம் போரில் படைகள் களத்துக்கு வருவதில்லை; துரியோதனனும் வீமனும் பாடியும் ஆடியும் வாதிட்டும் ஒரு போர் முழுவதையும் தாங்குகின்றனர். படை காணாமற்போனதைப் பார்ப்போர் குறையாகக் கொள்வதில்லை. போரின் முடிபு பகையின் முதிர்ச்சி என்று கூத்து மரபு கண்டுகொண்டதே அதற்குக் காரணம். ஒரு திரைச்சீலையும் ஓர் இருக்கையுமே கொண்ட களம் எதைத் தாங்கும் என்னும் அறிவு அத்தெரிவில் உண்டு. பழைய கருவிக்கு விளையாட்டைத் தெரிவு செய்வோருக்கு வேண்டியதும் அவ்வறிவே.

களத்தின் எல்லை

1983 ஜூலையில் சப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் செயலி 6502 குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிள் 2, கொமடோர் 64, அட்டாரி 8 பிட் கணினிகள், பிபிசி மைக்ரோ ஆகியவற்றின் செயலிகளும் அக்குடும்பத்தினவே. எனவே ஒன்றுக்கு எழுதிய நிரலின் கணக்கீட்டுப் பகுதியை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது ஓரளவு எளிது. வேறுபாடு நினைவகத்திலும் திரையிலும் உள்ளது. ஆப்பிள் 2 கணினியில் 48 கிலோபைட்டு நினைவகம் வழக்கமாயிருந்தது. ஃபேமிகாமின் செயல் நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. ஆப்பிள் 2 திரையில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே வரையலாம். ஃபேமிகாம் திரையோ 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களால் ஆனது. பின்னணிக்கு ஒரு வேளையில் 256 வகைக் கட்டங்களே கிடைக்கும். நகரும் உருவங்கள் ஒரு கிடைவரியில் எட்டுக்கு மேல் தோன்றா. விசைப்பலகைக்கு மாற்றாகத் திசை விசையும் நான்கு பொத்தான்களும் உள்ளன.

இவற்றோடு வணிக எல்லையும் சேர்ந்தது. தொடக்கக் காலக் கேசட்டுகள், கூடுதல் மின்சுற்று இல்லாமல், நிரலுக்கு 32 கிலோபைட்டும் படங்களுக்கு 8 கிலோபைட்டும் ஆக 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் அடைத்து விற்றோர்க்கு இச்சிறு விளையாட்டுகளே உகந்தவையாயின. '9999' என எண் பொறித்த கேசட்டுகளில் சில பத்து விளையாட்டுகளே தொடக்க நிலை மாற்றப்பட்டு மீண்டும் மீண்டும் பட்டியலிடப்பட்டமை பலரும் அறிந்தது. ஆகவே தமிழக வீடுகளை எட்டிய தெரிவு இருமுறை வடிகட்டப்பட்டது: முதலில் சப்பானிய நிறுவனங்கள் தெரிவு செய்தன, பின்னர் நகல் கேசட்டு வணிகம் அவற்றுள் சிறியவற்றைத் தெரிவு செய்தது. இரண்டாம் வடிகட்டலில் தரம் பற்றிய எண்ணத்துக்கே இடமில்லை.

நான்கு மாற்றுருக்கள்: ஒரு மதிப்பீடு

கேசட்டுத் தொகுப்புகளில் பரவலாகக் காணப்பட்ட லோட் ரன்னர் முதலில் ஆராயத்தக்கது. டக்ளஸ் ஸ்மித் ஆக்கி 1983இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டில் 150 கட்டங்கள் உண்டு; ஆடுபவர் தாமே புதிய கட்டம் அமைக்கும் வசதியும் உண்டு. ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் 1984இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது கட்டங்களை 50ஆகக் குறைத்தது. உருவங்களைப் பெரிதாக்கித் திரையைப் பக்கவாட்டில் நகரச் செய்தது. எண்ணிக்கையில் தொகுத்தலும் தோற்றத்தில் விரித்தலும் நிகழ்ந்தமையால் இதனைத் தொகைவிரி எனலாம். தெரிவு சிறந்தது. ஆடுகளம் 28×16 அளவிலான சதுரங்களால் ஆனதாதலின் 448 சதுரங்களின் நிலையையும் 2 கிலோபைட்டு நினைவகத்தில் வைத்துக்கொள்ள முடியும். கட்ட அமைப்புத் திரைக்கும் அது இயல்பாகப் பொருந்தும்.

ஆனால் விகற்பம் ஐயத்துக்குரியது. மூலத்தில் ஆடுகளம் முழுவதும் ஒரே திரையில் தெரியும். எங்கே குழி தோண்டினால் எந்தக் காவலன் விழுவான், எந்த ஏணியில் தப்பலாம் என்று முழுக்களத்தையும் கண்டு திட்டமிடுவதே அதன் முடிபு. திரை நகரும் மாற்றுருவில் களத்தின் ஒரு பகுதி எப்போதும் மறைந்திருக்கிறது. மறைந்த பகுதியிலிருந்து காவலன் வரும்போது திட்டம் தற்செயலாகிறது. கருவியின் எல்லை இதனைக் கட்டாயப்படுத்தியது எனல் இயலாது. 28 சதுரங்களை எட்டெட்டுப் புள்ளிகளில் அமைத்தால் 224 புள்ளிகளே ஆகும். திரையின் அகலமோ 256. முழுக்களத்தையும் காட்ட இடம் இருந்தது. பெரிய, தெளிந்த உருவம் தொலைக்காட்சிக்கு எட்ட அமர்ந்து ஆடும் சிறுவர்க்கு ஏற்றது என்னும் கருத்து அங்கே மேலோங்கியிருக்கலாம். அது மதிக்கத்தக்க காரணமே. எனினும் அதற்கு ஈடாகத் தரப்பட்டது விளையாட்டின் முடிபிலேயே ஒரு பங்கு.

கட்டம் அமைக்கும் வசதி மாற்றுருவிலும் நீடித்தது. ஆப்பிள் 2 கணினியில் அமைத்ததை வட்டில் சேமிக்கலாம். இங்கு விற்ற நகல் கருவிகளில் மின்சாரம் நின்றதும் அமைத்தது அழிந்துவிடும். மின்வெட்டு வழக்கமாயிருந்த ஊர்களில் ஒரு சிறுவனோ சிறுமியோ உருவாக்கிய கட்டம் அன்றைய பொழுதைத் தாண்டி வாழவில்லை. ஆயினும் ஒரு சொல்லும் தேவைப்படாமல் ஆடுபவரை ஆக்குபவராக்கிய வாய்ப்பு அது என்பதால், கேசட்டுத் தொகுப்பின் பண்பாட்டு மதிப்பைக் கணிப்போர் அதனை விட்டுவிடுதல் ஆகாது.

இரண்டாவது, நட்ஸ் அண்ட் மில்க். ஹட்சன் சாஃப்ட் 1983இல் வீட்டுக்கணினிகளுக்கு வெளியிட்ட இவ்விளையாட்டு, 1984இல் ஃபேமிகாமுக்கு வந்தபோது பக்கவாட்டுத் தோற்றமும் தாவுதலும் கொண்ட வேறு விளையாட்டாயிற்று. பெயரும் பாத்திரங்களும் தொடர்ந்தன. ஆடும் முறை மாறிற்று. நன்னூல் நோக்கில் இது சார்புநூல். இதனால் இது தாழ்ந்ததாகிவிடாது. தன்னளவில் நிறைவான விளையாட்டே. ஆனால் இதனைக் கருவிமாற்று என்று பட்டியலிடுவது பிழை. பெயர் ஒற்றுமையைக் கொண்டு மூலத்தை ஆடிவிட்டதாகக் கருதும் மயக்கம் இதனால் நேர்கிறது.

மூன்றாவது, 1983இல் யூஜி ஹோரி ஆக்கிய போர்ட்டோபியா துப்பறியும் விளையாட்டு. மூலத்தில் ஆடுபவர் விசைப்பலகையில் சொற்களைத் தட்டிக் கட்டளையிட வேண்டும். 1985இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது திரையில் 14 கட்டளைகளின் பட்டியல் வைக்கப்பட்டது. ஆடுபவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். சரியான சொல்லைத் தேடிக் களைக்கும் சுமை நீங்கிற்று. யாரை வினவுவது, எதை ஆராய்வது என்னும் துப்பறியும் சிந்தனை நின்றது. முடிபைக் காத்து விகற்பம் ஏற்ற வழிநூலுக்கு இது தக்க சான்று. லோட் ரன்னரைவிடக் கடினமான மாற்று இது. ஆயினும் இழப்பு குறைவு. கருவிக்கு எளிதில் பொருந்துவதே நல்ல தெரிவு என்னும் கருத்தை இது மறுக்கிறது. ஆனால் முழுவதும் சப்பானிய மொழியில் அமைந்த இத்தகைய விளையாட்டுக்கு இங்குள்ள கேசட்டுத் தொகுப்புகளில் இடமிருந்திருக்க இயலாது.

நான்காவது, ஜோர்டன் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஆப்பிள் 2 கணினிக்கு 1989இல் வெளிவந்தது. ஃபேமிகாமின் மேலைநாட்டு வடிவத்துக்கு 1992இல் வந்தது. மெக்னர் தம் தம்பியின் ஓட்டத்தையும் தாவுதலையும் படம்பிடித்து, அதன் ஒவ்வொரு அசைவையும் வரைந்தெடுத்தார். உடலின் எடையை ஆடுபவர் உணர்வதே இதன் முடிபு: ஓடுபவர் உடனே நிற்க முடியாது, தாவும் முன் அடியெடுத்து வைக்க வேண்டும். இதற்கு அசைவுப் படங்கள் மிகுதியாக வேண்டும். அவற்றைக் குறைத்தால் கதை, அரண்மனை, 60 நிமிடக் கெடு ஆகிய எல்லாம் எஞ்சும், உடல் போய்விடும். 40 கிலோபைட்டுக்குள் இதனை அடைக்க முற்படுவது தகாத தெரிவு. பெரிய கொள்ளளவுள்ள கேசட்டில் மட்டுமே இது வழிநூலாக நிற்கும்.

இதற்கு நேர்மாறானது 1984இல் பிபிசி மைக்ரோவுக்கு வந்த எலைட். எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் சேமித்து வைக்காமல் கணக்கீட்டால் பிறப்பித்தது அது. ஆகவே உலகின் அளவு இங்கே தடையன்று. கோட்டுருவங்களை வரையப் புள்ளித் திரை வேண்டும் என்பதே தடை. கட்டத் திரையில் ஓடும் நேரத்திலேயே கட்டங்களை வரைந்து மாற்றி, அதன் ஆசிரியர்களே 1991இல் ஃபேமிகாம் வகைக் கருவிக்கு அதனைக் கொண்டுவந்தனர். இயலாது என்று தோன்றுவதும் முடிபை அறிந்தோர் கையில் இயல்வதாகிறது.

பாயிரம் இழந்த தொகுப்பு

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது தமிழ் மரபு. ஆக்கியோன் பெயரும் நூல் வந்த வழியும் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் அடங்கும். நகல் கேசட்டுகள் பலவற்றில் தலைப்புத் திரையிலிருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டன. சிலவற்றில் விளையாட்டின் பெயரே மாற்றப்பட்டது. ஆக்கியோன், வழி, நூற்பெயர் ஆகிய மூன்றும் ஒருங்கே மறைந்த இத்தொகுப்பைப் பாயிரம் இழந்த ஏட்டுக்கட்டு எனலாம். ஆசிரியரின் இசைவின்றிப் படியெடுத்தமை அறப்பிழை; அதனினும் நீண்ட விளைவு, ஒரு தலைமுறை தான் விரும்பி ஆடியவற்றை மனிதர் ஆக்கிய படைப்புகளாகக் காணும் வாய்ப்பை இழந்தமை. படைப்பு என்று தெரியாத ஒன்றைப் பற்றித் திறனாய்வு பிறப்பதில்லை. தமிழில் கணினி விளையாட்டுத் திறனாய்வு வளராமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மொழி என்னும் தடை

கேசட்டுத் தொகுப்பில் சொல் தேவைப்படாத விளையாட்டுகளே மிகுதி. அவை எம்மொழியினரும் ஆடத்தக்கவை என்பது நன்மையே. எனினும் சொல்லால் இயங்கும் விளையாட்டுகளின் மரபு முழுவதும் இவ்வட்டாரத்துக்கு அறிமுகமாகாமற்போயிற்று. இனித் தெரிவு செய்வோர் அவற்றைத் தமிழில் தர விரும்பினால் எதிர்ப்படும் தடையைக் கணக்கிட்டுக் காண்பது பயன் தரும்.

கிரந்த எழுத்துகள் நீங்கலாக, தமிழுக்கு வேண்டிய தனி வடிவங்கள்: ஔ தவிர்த்த உயிர் 11, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகார உயிர்மெய் 36, உகர ஊகார உயிர்மெய் 36, துணைக்குறிகள் 4, ஆக 124. எட்டெட்டுப் புள்ளிகளில் ணு, ஞூ போன்றவை தெளிவாக அமையா. ஆகவே ஒவ்வொன்றுக்கும் 16×16 புள்ளிகள், அதாவது நான்கு கட்டங்கள் வேண்டும், மொத்தம் 496. மெய், இகர, உகர வரிசைகளில் மேற்பாதியையோ கீழ்ப்பாதியையோ அகர எழுத்தோடு பகிர்ந்துகொள்வதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 316 கட்டங்கள் தேவை. கிடைப்பனவோ 256. படத்துக்கு இடமே இராது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. திரையில் அவ்வேளை தோன்றும் எழுத்துகளை மட்டும் படநினைவகத்தில் எழுதுவது ஒன்று. விளையாட்டின் சொற்களையே தெரிந்தெடுத்து எழுத்துகளைச் சுருக்குவது மற்றொன்று. 1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் கத்தகானா எழுத்துகளில் ஒரு பகுதியை மட்டும் கொண்டு தன் சொற்களை அமைத்தது. இரண்டாம் தீர்வில் மொழிபெயர்ப்பாளர் யாப்புக்குள் நின்று எழுதும் புலவரை ஒத்தவராகிறார். இப்பணிக்கு நிரலாளர் மட்டும் போதார். தமிழ்ப் புலமையும் வேண்டும்.

தெரிவுக்கான அளவுகோல்கள்

இவ்வினா கடந்தகால ஏக்கம் சார்ந்ததன்று. ஃபேமிகாம் நகல் அமைப்பில் இயங்கும், 400 விளையாட்டுகள் கொண்ட கைக்கருவிகள் இன்றும் மலிவாக விற்கின்றன. அக்கருவிக்கு நிரல் எழுதும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அவற்றை இயக்கப் போதுமானது. எனவே தெரிவு செய்யும் வாய்ப்பு முதன்முறையாக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள மாணவர் கைக்கு வந்துள்ளது. அவர்கள் கொள்ளத்தக்க அளவுகோல்கள் நான்கு.

முதலாவது, விளையாட்டின் முடிபை ஒரே தொடரில் கூற இயலவேண்டும்; அத்தொடர் பழைய கருவியிலும் மெய்யாக நிற்கவேண்டும். இரண்டாவது, ஆடுகளத்தின் நிலை 2 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். 1984இல் அட்டாரி கணினிக்கு வந்த போல்டர் டாஷின் குகை 40×22 சதுரங்கள். சதுரத்துக்கு ஒரு பைட்டு வைத்தால் 880 பைட்டு. இது ஃபேமிகாமுக்கு இயல்பான தெரிவு. 128 பைட்டு நினைவகமே உடைய அட்டாரி 2600 கருவிக்கும் ஆர்வலர் இதனைக் கேசட்டினுள் கூடுதல் நினைவகம் வைத்து மாற்றியுள்ளனர். அது உரிமையாளரின் இசைவுடன் வெளிவந்தமை குறிக்கத்தக்கது. மூன்றாவது, சொல் வேண்டும் விளையாட்டாயின் அதன் தமிழ்ச் சொற்பரப்பு முன்னரே வரையறுக்கப்படவேண்டும். நான்காவது, உரிமை. மெக்னர் தம் ஆப்பிள் 2 நிரலை 2012இல் பொதுப்பார்வைக்கு வைத்தார். நிரலைப் படிக்க இயல்வதும் விளையாட்டை மாற்றி வெளியிட உரிமை பெறுவதும் வேறு வேறு. இசைவு பெறப்படாத மாற்றுரு மீண்டும் பாயிரம் இழந்த நூலாகவே முடியும்.

புகழ் இந்நான்கினுள் இல்லை. புகழ்பெற்றது என்பதற்காகத் தெரிவு செய்யப்படும் விளையாட்டு பெரும்பாலும் தோற்றத்தாலேயே நினைக்கப்படுகிறது. தோற்றமே பழைய கருவியில் முதலில் அழிவது.

முடிவுரை

கருவிமாற்றுக்கான தெரிவு மூல ஆக்கத்தின் முடிபை அறிந்து செய்யப்படவேண்டும் என்பதும், கொள்ளளவும் விற்பனையும் செய்த தெரிவே இவ்வட்டாரத்தை எட்டியது என்பதும் மேற்கண்ட ஆய்வால் பெறப்படும். லோட் ரன்னர் நல்ல தெரிவாக இருந்தும் விகற்பத்தால் ஒரு பங்கு இழந்தது. போர்ட்டோபியா கடின மாற்றாக இருந்தும் முடிபைக் காத்தது. நட்ஸ் அண்ட் மில்க் வழிநூல் என்னும் பெயரில் நின்ற சார்புநூல்.

இதனை அடுத்துச் செய்யவேண்டியன இரண்டு. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, மயிலம் தமிழ்க் கல்லூரி போன்றவற்றின் தமிழ், கணினித் துறைகள் இணைந்து, வீடுகளில் எஞ்சியுள்ள கேசட்டுகளைத் திரட்டி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆக்கியோன், மூலக் கணினி, ஆண்டு, மாற்றியோர், மாற்றம் ஆகியவற்றைக் குறித்த பாயிரம் ஒன்றை எழுதலாம். சொல்லால் இயங்கும் சிறு விளையாட்டு ஒன்றை உரிய இசைவுடன் தெரிந்தெடுத்து, 256 கட்டங்களின் எல்லைக்குள் தமிழில் அமைத்தும் பார்க்கலாம். முன்னது கடந்த தெரிவின் கணக்கை நேர்செய்யும். பின்னது அடுத்த தெரிவில் தமிழுக்கு இடம் தரும்.